ராமநாதபுரம் கரையிலிருந்து கனடா, அமெரிக்கப் பல்கலைக்கழக யூனியன் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கீழக்கரை, தொண்டி, மண்டபம், தேவிபட்டினம் என்று நம் கரையோர ஊர்களுக்கு வெளிநாட்டு வேலை புதிதில்லை. துபாய், சவுதி, புருனை, மலேசியா, சிங்கப்பூர் என்றால் ஏஜென்ட், மெடிக்கல், விசா, டிக்கெட் என்ற வரிசை வீட்டுப் பெரியவர்களுக்கே மனப்பாடம். இப்போது அதே வீடுகளிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்புகிறார்கள். கல்யாணமாகி, பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கையிலிருக்கும் துணையோடு சேரப் போகிறவர்களும் உண்டு. இவர்களில் பலருக்கு முதல் நல்ல வேலை பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கனடாவில் பெரும்பாலும், அமெரிக்காவில் பல மாநிலங்களிலும், அந்த வேலைகள் தொழிற்சங்கத்தின் கீழ் வருபவை.

"யாரைப் பிடிக்கணும்?" என்பதுதான் நம் ஊரில் முதல் கேள்வி. இந்த வேலைகளுக்கு யாரையும் பிடிக்க வேண்டாம். வேலையை யாருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி, கையெழுத்தாகி, எவரும் படிக்கும்படி இணையத்தில் கிடக்கிறது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும், படிக்காமல் படிவத்தை நிரப்பும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

யூனியன் வேலை என்றால்

ராமேசுவரத்தில் சங்கம் என்றால் நமக்குத் தெரியும்: படகு பிடிபட்டால் வேலைநிறுத்தம், கோரிக்கைக்கு மனு. அங்கே பல்கலைக்கழகச் சங்கத்தின் முதல் வேலை நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பதவி உயர்வு, ஆள் எடுக்கும் முறை எல்லாவற்றையும் எழுத்தில் முடிப்பது. அதைக் கூட்டு ஒப்பந்தம் என்பார்கள். படகு கடலுக்குக் கிளம்பும் முன்பே ஓனருக்கு எவ்வளவு, டிரைவருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு பேசி வைப்பதைப் போன்றது. கரைக்கு வந்த பிறகு தகராறுக்கு இடமில்லை.

ஒரே பல்கலைக்கழகத்தில் பல சங்கங்கள் இருக்கும். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக, அதாவது பேராசிரியருக்கு உதவியாகச் சொல்லிக் கொடுக்கும் டிஏவாக வேலை பார்க்கும் மாணவர்கள் கியூப்பி (CUPE) என்ற கனடியப் பொதுப் பணியாளர் சங்கத்தின் 3902-ஆம் கிளையில் வருவார்கள். அதே பல்கலைக்கழகத்தின் அலுவலகம், நூலகம், ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்களில் பெரும்பகுதியினர் யுனைட்டட் ஸ்டீல்வொர்க்கர்ஸ் சங்கத்தின் 1998-ஆம் கிளையில் இருக்கிறார்கள். யார்க் பல்கலைக்கழகத்தில் டிஏக்களுக்குக் கியூப்பி 3903. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டிஏக்களுக்கு யுனைட்டட் ஆட்டோ வொர்க்கர்ஸ் சங்கத்தின் 4811-ஆம் கிளை, எழுத்தர்களுக்கு டீம்ஸ்டர்ஸ் 2010, துப்புரவு, சமையல் போன்ற சேவைப் பணியாளர்களுக்கு ஆஃப்ஸ்மி (AFSCME) 3299. எஃகு ஆலை, கார் ஆலை, லாரி ஓட்டுநர்கள் என்று தொடங்கிய சங்கங்கள் பல்கலைக்கழகத்துக்குள் எழுத்தர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் பேசுகின்றன. பெயரைப் பார்த்து "இது நமக்கில்லை" என்று அறிவிப்பைத் தள்ளிவிடாதீர்கள்.

முதலில்: உங்களுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா?

எல்லாப் படிவத்திலும் இந்தக் கேள்வி வரும். பதில் உண்மையாக இருக்க வேண்டும். பொய் சொல்லி உள்ளே போனால் வேலை மட்டுமல்ல, விசாவும் போகும்.

கனடாவில் முழுநேர மாணவராக ஸ்டடி பர்மிட்டில் இருப்பவர், பர்மிட்டில் வேலை அனுமதி குறிப்பிட்டிருந்தால், வளாகத்துக்குள் வேலை செய்யலாம். குடிவரவு விதிப்படி அதற்கு வார மணிக்கணக்கு உச்சவரம்பு இல்லை. வளாகத்துக்கு வெளியே என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம். இது 2024 நவம்பரிலிருந்து. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை.

துணையாகப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் எஃப்-2 விசாவில், அதாவது எஃப்-1 மாணவரின் துணையாக இருப்பவர் சம்பள வேலையே செய்யக் கூடாது. எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருப்பவர்களில் தகுதியுள்ள சிலருக்கு மட்டும், தனியாக விண்ணப்பித்து வேலை அனுமதி அட்டை வாங்கிய பிறகு முடியும். கனடாவில் மாணவரின் துணைக்குக் கிடைக்கும் ஓப்பன் வொர்க் பர்மிட்டை (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதியை) 2025 ஜனவரி 21 முதல் சுருக்கிவிட்டார்கள்: 16 மாதமோ அதற்கு மேலோ நடக்கும் முதுகலை, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் இருப்பவர்களின் துணைக்குத்தான். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "சும்மா கிடைக்கும்" என்று சொல்கிறவர்களை நம்பி நகையை வைத்துவிடாதீர்கள்.

இந்த எதிலும் சேராதவர்கள், இங்கே உட்கார்ந்து அலுவலக எழுத்தர் வேலைக்கோ நூலக உதவியாளர் வேலைக்கோ அனுப்புவதால் பெரும்பாலும் பலன் இருக்காது. அந்த வேலைகளுக்காகப் பல்கலைக்கழகம் வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைப்பது அரிது. இதைக் கேட்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அறிவிப்பை எப்படிப் படிப்பது

பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மனிதவளத் துறைப் பக்கத்துக்குப் போங்கள். மற்ற வேலைத் தளங்களில் வரும் நகல்களில் கடைசித் தேதி மாறியிருக்கும், பாதி விவரம் விட்டுப்போயிருக்கும். டிஏ வேலைகள் சில இடங்களில் தனிப் பக்கத்திலோ துறையின் பக்கத்திலோதான் வரும். செப்டம்பர் பருவத்துக்கான டிஏ அறிவிப்புகள் பெரும்பாலும் கோடையில் வரும். நம் கரையில் ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் சமயத்திலிருந்து பார்க்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். ஜனவரி பருவத்துக்கானவை இலையுதிர் காலத்தில் வரும். முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சேர்க்கைக் கடிதத்திலேயே உதவித்தொகையின் ஒரு பங்காக டிஏ வேலை எழுதியிருக்கும். அவர்கள் தனியாக அலைய வேண்டாம், அந்த வரியைத் தேடிப் படித்தால் போதும்.

அறிவிப்பில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சம்பளத்தை அல்ல. எந்தச் சங்கம், எந்தக் கிளை, எந்த யூனிட் (ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வரும் பணியாளர் பிரிவு) என்று ஒரு வரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அந்தக் கிளையின் இணையதளத்திலிருந்தோ பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்தோ கூட்டு ஒப்பந்தத்தை இறக்குங்கள். நூறு பக்கத்துக்கு மேலும் இருக்கலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. வேலை அறிவிப்பும் ஆள் எடுப்பும் பற்றிய பிரிவு, பணிமூப்பு பற்றிய பிரிவு, கடைசியில் உள்ள சம்பள அட்டவணை ஆகிய மூன்றைப் படியுங்கள்.

அவற்றில் என்ன கிடைக்கும்? பல ஒப்பந்தங்களில் வேலையை முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு அறிவித்து, அவர்களை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று இருக்கும். டிஏ வேலைகளில், ஏற்கனவே வேலை பார்த்த மாணவர்களுக்கு அடுத்த நியமனத்தில் முன்னுரிமை இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்குக் கிடைக்காமல் போனது உங்கள் ஆங்கிலத்தாலோ நிறத்தாலோ என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் உரிமையோடு ஒருவர் நின்றிருக்கலாம். புதியவர்கள் தொற்றிக்கொள்ள நல்ல இடம் தற்காலிக வேலைகள், பிரசவ விடுப்பில் போனவரின் இடத்து வேலைகள். உள்ளே வந்துவிட்டால் அடுத்த அறிவிப்பில் உங்களை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கும்.

பணிமூப்புப் பிரிவில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், வேலைக்குப் போதுமான தகுதி இருப்பவர்களில் பணிமூப்பு அதிகமானவருக்கு வேலை. இன்னொன்றில், தகுதியை ஒப்பிட்டுப் பார்த்து ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் பணிமூப்பு பேசும். இரண்டாவது வகை என்றால் வெளியாளுக்கும் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது, விண்ணப்பத்தை இன்னும் உழைத்து எழுதலாம்.

இந்த இடத்தில்தான் அறிவிப்பில் உள்ள தகுதி வரிகள் கனமாகின்றன. சங்க வேலையில் ஆளை நிராகரித்தால் ஏன் என்று கேள்வி வரும், புகார் போகும், நடுவர் முன் கூடப் போகலாம். அதனால் தேர்வு செய்கிறவர்கள் அறிவிப்பில் அச்சான தகுதிகளை ஒவ்வொன்றாக வைத்து மதிப்பெண் போடுவது வழக்கம். "தேவை" என்று இருப்பதற்கும் "இருந்தால் நல்லது" என்று இருப்பதற்கும் தனித்தனிக் கணக்கு. நீங்கள் எழுதாத தகுதியை அவர்கள் ஊகித்து மதிப்பெண் போட மாட்டார்கள்.

அறிவிப்பு முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பல தளங்களில் அது காணாமல் போய்விடும். நேர்காணலுக்கு அழைக்கும்போது அந்தத் தாள்தான் உங்களுக்குப் பாடப்புத்தகம்.

பெயரும் காகிதங்களும்

நம் பிள்ளைகளுக்கு முதல் முட்டுக்கட்டை பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால், ஆதாரில் வாப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (FNU, "முதல் பெயர் தெரியவில்லை") என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துவிடும். விண்ணப்பப் படிவமோ இரண்டு பெட்டியையும் நிரப்பாமல் நகராது.

கிளம்ப இன்னும் காலம் இருப்பவர்கள், சான்றிதழ்களில் தகப்பன் பெயர் ஒத்துப்போனால், பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துச் சர்நேமை நிரப்பிக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நேரமில்லாதவர்கள், பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் விசாவிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே வேலைப் படிவத்திலும் எழுதுங்கள். ஒரு படிவத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதினால் பின்னால் சம்பளப் பட்டியலில் ஏற்றும்போது சிக்கல் வரும்.

பயோடேட்டா பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். போட்டோ, பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை, தகப்பன் தொழில் எதுவும் ரெஸ்யூமேயில் வேண்டாம். அவர்களுக்கு அது தேவையில்லை. பாகுபாட்டுக்கு இடம் கொடுக்கும் என்று பார்க்கவே தயங்குவார்கள். படிவத்தின் நடுவில் இனம், பாலினம், மாற்றுத்திறன் பற்றி ஒரு தனிக் கேள்வித்தாள் வரும். அது விருப்பப்பட்டால் மட்டும் நிரப்புவது.

மதிப்பெண் பட்டியலின் தெளிவான பிடிஎஃப், பட்டச் சான்றிதழ், வேலைச் சான்றிதழ்கள், வேலை அனுமதிக் காகிதம் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால் படித்த பல்கலைக்கழகத்தில் தனியாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் அது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். தேவை வந்த பிறகு ஓடாமல், கிளம்பும் முன்பே இரண்டு மூன்று பிரதிகள் சேர்த்து வாங்கிவிடுங்கள். சதவீதத்தை நீங்களாக ஜிபிஏ ஆக மாற்றி எழுதாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி எழுதி, எந்த அளவுகோல் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு, அங்கே கொடுக்கும் சோஷியல் இன்சூரன்ஸ் எண் எதையும் விண்ணப்பக் கட்டத்தில் கொடுக்க வேண்டியதில்லை. அவை வேலை உறுதியான பிறகு, பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் ஏற்றுவதற்கு.

அனுபவத்தை எழுதுவது

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதிகம் இழப்பதும் இங்கேதான்.

பாம்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.காம். முடித்தவள், கணவனுக்குக் கனடாவில் பிஆர், அவளுக்கும் வந்துவிட்டது. பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கான அறிவிப்பு. தேவையான தகுதிகளில் கணக்குப் பதிவு, எக்செல், பலதரப்பட்ட ஆட்களோடு பேசிப் பழகுதல் என்று இருந்தன. அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டு வைத்திருந்தாள். பேச்சுக் கொடுத்ததில், கல்லூரிக் காலத்திலிருந்து அப்பாவின் விசைப்படகுக் கணக்கை அவள்தான் எழுதியிருக்கிறாள். நீளமான பேரேட்டு நோட்டு. தேதி, எத்தனை பார் ஐஸ், எத்தனை லிட்டர் டீசல், இறால் எவ்வளவு, கணவாய் எவ்வளவு, கம்பெனி போட்ட விலை, கழித்த முன்பணம், ஆளுக்குப் படி, கடைசியில் பங்கு. பிறகு அதையே போனில் எக்செல்லுக்கு மாற்றியிருக்கிறாள். ஐஸ் கம்பெனியோடு பாக்கித் தகராறு வந்தால் நோட்டை விரித்துப் பேசுவதும் அவள்தான்.

"அக்கா, அது வீட்டு வேலைதானே? அதைப் போய் எப்படி எழுதுறது?"

எழுதலாம், எழுத வேண்டும். குடும்பத் தொழில், ஊதியமில்லாத பொறுப்பு என்று நேர்மையாகத் தலைப்பிட்டு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, வாரம் எத்தனை மணி நேரம் என்று சொல்லி, கீழே வரி வரியாக: தினசரி வரவு செலவுப் பதிவு, சப்ளையர்களோடு மாதக் கணக்கு நேர் பார்த்தல், எக்செல்லில் பங்குக் கணக்கீடு, விலை வேறுபாட்டில் பேசித் தீர்த்தல். அறிவிப்பில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல்லையே உங்கள் வரியிலும் பயன்படுத்துங்கள். கணக்கு நேர் பார்ப்பதை அவர்கள் "ரெக்கன்சிலியேஷன்" என்று எழுதியிருந்தால் நீங்களும் அதையே எழுதுங்கள், அழகுக்காக வேறு சொல் தேட வேண்டாம். பெரிதாக்கவும் வேண்டாம். "நிதி மேலாளர்" என்று போட்டால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "குடும்பப் படகுத் தொழிலின் கணக்குப் பதிவு" என்பதே போதுமான கௌரவம்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் செயலாளராக இருந்து தீர்மானப் புத்தகம் எழுதியவர்கள், வங்கிக் கடனுக்கு அலைந்தவர்கள், ஜமாஅத் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள், சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர்கள், டியூஷன் நடத்தியவர்கள் எல்லோருக்கும் இதே முறைதான்.

கடல் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் படித்துவிட்டுக் கனடாவில் டிஏ வேலைக்கு எழுதும்போது "பாக் விரிகுடாவில் களப்பணி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கே படிக்கிறவருக்கு பாக் விரிகுடா எங்கே என்றே தெரியாமல் இருக்கலாம். ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த விரிகுடா என்று சொல்லிவிட்டு, என்ன அளந்தீர்கள், எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று எழுதுங்கள்: ரிஃப்ராக்டோமீட்டரில் உப்புத்தன்மை, வின்க்லர் முறையில் கரைந்த ஆக்சிஜன். அதைவிட முக்கியம், ஜூனியர் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தீர்களா என்பது. டிஏ வேலையே சொல்லிக் கொடுப்பதுதான். ஆராய்ச்சிப் பெருமை அங்கே இரண்டாவது.

கவரிங் லெட்டர் ஒரு பக்கம் போதும். அறிவிப்பு எண்ணை முதல் வரியில் போடுங்கள். தேவையான தகுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம் சொல்லுங்கள். "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலை மிகவும் அவசியம்" என்று நம் ஊர் மனுப்போல எழுதினால் மதிப்பெண் ஏறாது.

பரிந்துரைப்பவர்களாக இரண்டு மூன்று பேரைக் கேட்பார்கள். உறவினர் கூடாது. பேராசிரியர் என்றால் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருப்பவராகப் பாருங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அறிவிப்பையும் உங்கள் ரெஸ்யூமேயையும் அனுப்பி வையுங்கள். பாம்பன் பெண்ணுக்குக் கல்லூரி வணிகவியல் பேராசிரியை ஒருவர், கணக்கு நேர் பார்த்த ஐஸ் கம்பெனி மேலாளர் ஒருவர். ஐஸ் கம்பெனிக்காரர் தயங்கினார்; என்ன கேட்பார்கள் என்று சொன்னதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

படிவத்தை நிரப்பி அனுப்புவது

வொர்க்டே, டேலியோ போன்ற மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. ரெஸ்யூமேயை ஏற்றியதும் அது தானாகப் பெட்டிகளை நிரப்பும். ஊர்ப் பெயர் வேலைப் பெயராகவும், கல்லூரிப் பெயர் நிறுவனப் பெயராகவும் போய் விழும். ஒவ்வொரு பெட்டியையும் கையால் சரிபாருங்கள். முகவரியில் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் பின்கோடு போடுங்கள். நாடு கனடா என்று நிற்கும்போது 623 என்று தொடங்கும் நம் பின்கோடை ஏற்காது. "ரெஸ்யூமேயைப் பார்க்கவும்" என்று எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள், அந்தப் பெட்டியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறவர் இருக்கலாம். சில படிவங்களில் ஆம், இல்லை என்று கேட்கும் சல்லடைக் கேள்விகள் வரும். அங்கே ஒரு "இல்லை" போதும், விண்ணப்பம் அதோடு நின்றுவிடும். அவசரத்தில் தட்டாமல் நிதானமாகப் படித்துத் தட்டுங்கள்.

கடைசி நேரக் கணக்கு முக்கியம். டொராண்டோ நம்மைவிடக் கோடையில் 9 மணி 30 நிமிடமும் குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடமும் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை. கலிபோர்னியாவுக்கு 12 மணி 30 நிமிடம், குளிர்காலத்தில் 13 மணி 30 நிமிடம். அந்தத் தைரியத்தில் கடைசிக் காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் மழையும் காற்றும் வந்தால் கரண்ட்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். அனுப்பியதும் வரும் உறுதிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிரௌசிங் சென்டரில் நிரப்புகிறவர்கள், கடைக்காரரின் மின்னஞ்சலையோ போன் எண்ணையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நேர்காணல் அழைப்பு அவருக்குப் போய்ச் சேரும், உங்களுக்கு வராது.

நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில் நடக்கும். குழுவாக உட்கார்ந்திருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டுக் குறிப்பு எடுப்பார்கள். சிரித்துப் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சேமித்து வைத்த அறிவிப்பில் ஒவ்வொரு தகுதிக்கும் நடந்த ஒரு சம்பவத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

யாராவது பணம் கேட்டால்

பல்கலைக்கழகம் வேலைக்குப் பணம் வாங்காது. விண்ணப்பக் கட்டணம், "யூனியன் மெம்பர்ஷிப் முன்பணம்", "சீட்டு பிளாக் பண்ண" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. சங்கச் சந்தா வேலையில் சேர்ந்த பிறகு சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். ஆஃபர் லெட்டர் ஜிமெயிலிலிருந்து வந்தால், நேர்காணலே இல்லாமல் வந்தால் நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே தேடி எடுத்த முகவரிக்கு எழுதுங்கள். அந்தச் சங்கக் கிளைக்கும் எழுதலாம். அப்படியொரு பதவி தங்கள் யூனிட்டில் உண்டா என்று அவர்களால் சொல்ல முடியும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

வேலை கிடைத்த பிறகு

ஆஃபர் லெட்டரில் பதவியின் வகை, மணி நேரம், சம்பள நிலை இருக்கும். அதைக் கையோடு ஒப்பந்தத்தின் சம்பள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அடிப்படை விகிதத்தைப் பேரம் பேசி ஏற்ற முடியாது. சில ஒப்பந்தங்களில் முன் அனுபவத்தைக் காட்டி மேல்படியில் தொடங்கக் கேட்கலாம், அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழக டிஏக்களுக்கு என்னென்ன வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதிய ஒரு படிவம் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். விடைத்தாள் திருத்த ஒதுக்கிய நேரம் தாண்டினால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பேச முடியும்.

சந்தா பற்றி வீட்டில் கேட்பார்கள். கனடாவில், 1945-இல் விண்ட்சர் நகரத்து ஃபோர்டு தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நீதிபதி ஐவன் ராண்ட் 1946-இல் கொடுத்த தீர்ப்பின் வழியில், சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒப்பந்தத்தின் பலன் பெறும் எல்லோரிடமும் சந்தா பிடிப்பதே பரவலான வழக்கம். ஆனால் சந்தா பிடித்தாலே உறுப்பினராகிவிட்டதாக நினைக்க வேண்டாம். பல இடங்களில் தனியாக அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டு உண்டு. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்களில், 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விருப்பமில்லாதவரிடம் சந்தா பிடிக்க முடியாது. என் எண்ணத்தைக் கேட்டால், சேருங்கள். ஊருக்குப் புதிதாக வந்த நமக்கு அங்கே மாமன் மச்சான் யாரும் இல்லை, பிரச்சினை வந்தால் பக்கத்தில் வந்து உட்காரப் போவது அந்தச் சங்கப் பிரதிநிதிதான்.

வேலைநிறுத்தம் வருமா என்று பெற்றோர் பயப்படுவார்கள். வரலாம். யார்க் பல்கலைக்கழகத்தில் 2018-இல் நடந்தது 143 நாள் நீடித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர், டிசம்பரில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வெளியே வந்தார்கள். சம்பள உயர்வோடு ஒப்பந்தம் முடிந்தது. கனடாவில் ஸ்டடி பர்மிட்டில் இருப்பவர்களுக்கும் சட்டப்படியான வேலைநிறுத்தத்தில் பங்கேற்கும் உரிமை உண்டு. முதல் வருடத்துச் செலவுக்கு டிஏ சம்பளத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாமல், இரண்டு மாத வாடகையைத் தனியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் மணி நேரம், விகிதம், பிடித்தம் மூன்றையும் ஆஃபர் லெட்டரோடு நேர் பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள். பதில் வராவிட்டால் சங்கப் பிரதிநிதிக்கு எழுதுங்கள். முறையான புகாருக்கு ஒப்பந்தத்தில் கெடு இருக்கும், பல இடங்களில் அது வேலை நாள் கணக்கில் சில வாரங்கள்தான். அந்தக் கெடு எத்தனை நாள் என்று புகார் பற்றிய பிரிவில் பார்த்து, சம்பளச் சீட்டு வந்த தேதியிலிருந்து எண்ணிக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.